ஒரு கரண்டி எத்தனை கிராம்

மனித நாகரிகமே அளவின் மேல்தான் நிற்கிறது. அளவு தெரிந்தவன் ஆள்கிறான், தெரியாதவன் வரிசையில் நிற்கிறான். இந்தப் பேருண்மையைக் கரண்டியார் பல வருஷமாகச் சொல்லிவந்தார். பெரும்பாலும் கேக் வாங்க வந்தவர்களிடம், அவர்கள் மீதிச் சில்லறைக்காகத் தப்ப முடியாமல் நிற்கும்போது.

அவருடைய ஆட்சி எல்லை பேக்கரியின் பின்கட்டு. அதிலும் பாதியை அடுப்பு பிடித்துக்கொண்டது. சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா செருகும் இடத்தில் அவர் ஓர் எவர்சில்வர் கரண்டியைச் செருகியிருப்பார். மாவு, சர்க்கரை, வெண்ணெய், முட்டை எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் கொட்டலாம். பேக்கிங் பவுடர் மட்டும் அவர் கையால்தான் விழவேண்டும். அந்த நேரத்தில் மற்றவர்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும் என்பது கடைச் சட்டம். வேலையாட்கள் திரும்பி நின்று வெறும் சுவரைப் பார்ப்பார்கள். அவர் கண்ணை மூடி மூன்று கரண்டி போட்டுவிட்டுக் கனைப்பார். கனைப்பு கேட்டால் திரும்பலாம்.

கேக் நன்றாகத்தான் உப்பியது. கடைசி வாயில் மட்டும் நாக்கில் லேசாக ஒரு கசப்பு தட்டும். யாராவது கேட்டால், "அதுதாங்க நம்ம கடை முத்திரை" என்பார்.

இந்த ஆட்சிக்கு வந்த ஆபத்து வெளியிலிருந்து வரவில்லை. மருந்துக் கம்பெனியில் தரம் பார்க்கும் அதிகாரியாக இருந்த மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டு, மாமனார் கடைக்கு ஒரு கிளை திறக்கப் புறப்பட்டார். பேச்சை ஆரம்பித்தது மகள்.

"அப்பா, ஒரே ஒரு கேள்வி. உங்க கரண்டி எத்தனை கிராம்?"

"கரண்டின்னா கரண்டிதான். அதுல என்ன கிராம்?"

"ரெண்டு கடைக்கும் கரண்டியைத் தூக்கிக்கிட்டு ஓடவா போறீங்க? எடையைச் சொல்லிட்டா யார் வேணா போட்டுக்கலாம். நீங்க நிம்மதியா கல்லாவுல உக்காரலாம்."

கல்லா என்றதும் அவர் சட்டைப் பையிலிருந்த கரண்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கல்லாவில் உட்காருவது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். இந்தக் கடை அவருடைய மாமனார் ஆரம்பித்தது. அந்த மனிதரைப் பின்கட்டிலிருந்து நகர்த்தி, தலையணை போட்டுக் கல்லாவில் உட்காரவைத்தவர் கரண்டியாரேதான். அதற்குப் பிறகு சில்லறை தவிர வேறெதையும் யாரும் அவரிடம் கேட்கவில்லை.

மகள் என்றால் ஒரு சத்தம் போட்டு அடக்கிவிடலாம். மாப்பிள்ளையை என்ன செய்வது? அவர் ஒரு கண்ணாடிப் பெட்டித் தராசைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வந்து, மேஜையில் வைத்து, முதல் காரியமாக மின்விசிறியை நிறுத்தினார்.

"காத்து பட்டா தராசு பொய் சொல்லும் மாமா."

"அப்ப உங்க மாமாவை மூச்சையும் நிறுத்தச் சொல்லுங்க மாப்பிள்ளே" என்றாள் கரண்டியாரின் மனைவி. "வருஷக்கணக்கா எல்லாரையும் சுவத்தைப் பாக்கவெச்ச மனுஷன். இன்னைக்காவது அந்தக் கூத்தைப் பாக்கறேன்."

கரண்டியார் கண்ணை மூடினார். முதல் கரண்டி பதினொரு கிராம். இரண்டாவது பத்தொன்பது. மூன்றாவது ஒன்பது.

"மாமா, பழையபடி போடுங்க. பதறாதீங்க."

"பழையபடிதான் போடறேன்!"

அடுத்தது இருபத்திரண்டு. வியர்வை மூக்கு நுனியிலிருந்து தராசில் சொட்டியது. மாப்பிள்ளை அதையும் கவனமாகத் துடைத்து, எடையிலிருந்து கழித்தார். மகள் தரையைப் பார்த்தாள். அப்பாவின் தெய்வக் கை மனம் போனபடி அள்ளுகிற கை என்பது தெரிந்துவிட்டது.

"இத்தனை நாளா இதுக்கா நாங்க சுவத்தைப் பாத்தோம்?" என்றாள் மனைவி.

மாப்பிள்ளை சராசரி எடுத்தார். மூன்று கரண்டி போடும் ஒரு கலவைக்கு நாற்பத்தைந்து புள்ளி ஏழு ஐந்து கிராம். அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை உச்சரிக்கும்போது அவர் குரலில் பிள்ளை பெற்ற பெருமை தெரிந்தது. எண்ணைப் பெரிய எழுத்தில் அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, வேலையாட்கள் பார்த்துக்கொண்டிருந்த அதே சுவரில் ஒட்டினார்.

கரண்டியார் கல்லாவுக்குப் போனார். தலையணை தயாராக இருந்தது.

இரண்டு நாள் சில்லறை கொடுத்தார். மூன்றாம் நாள் காலை, யாரும் வருவதற்கு முன் கடையைத் திறந்து, பேக்கிங் பவுடர் டப்பாவைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, அதில் சோள மாவை நிரப்பினார். வெள்ளைக்கு வெள்ளை, கண்ணால் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. இன்று கேக் தட்டையாகப் படுக்கும். புள்ளி ஏழு ஐந்து வாயைப் பிளக்கும். "அப்பா, நீங்களே வந்து போடுங்க" என்று மகள் வந்து நிற்பாள். உடனே எழுந்துவிடக் கூடாது, இரண்டு முறை கூப்பிடவிட்டு எழவேண்டும் என்றுகூட முடிவு செய்துவைத்திருந்தார்.

மகள் தட்டோடு வந்து நின்றாள்.

கேக் உப்பியிருந்தது. நடுவில் பிளக்காமல், ஓரம் சரியாமல், படம் எடுத்து மாட்டலாம் போல உப்பியிருந்தது.

"சாப்பிட்டுப் பாருங்கப்பா. அந்தக் கசப்பே இல்ல!"

வழக்கமாக வரும் தையல்காரர் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "அண்ணே, ஆளை மாத்திட்டீங்களா? இப்பதான் கேக் மாதிரி இருக்கு" என்றார். மாப்பிள்ளை அடக்கமாக, "எல்லாம் சரியான எடைதான் சார்" என்றார். மனைவி இரண்டாவது துண்டை எடுத்தாள். அவள் அந்தக் கேக்கை இரண்டாவது துண்டு சாப்பிட்டு அவர் பார்த்ததே இல்லை.

சோள மாவு எப்படி உப்பும்? கரண்டியார் கல்லாவைப் பூட்டிவிட்டுச் சரக்கறைக்குப் போனார். டப்பாவை முகர்ந்தார். சோள மாவேதான். பக்கத்தில் மாவு மூட்டைகள் அடுக்கியிருந்தன. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மூட்டையின் மேல் அச்சடித்திருந்ததை முதல் முறையாகப் படித்தார்.

பேக்கிங் பவுடர் கலந்த மாவு. தனியாகச் சேர்க்க வேண்டாம்.

வெளியே மகள் கூப்பிட்டாள். "அப்பா, சில்லறை!"

யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் டப்பாவைப் பற்றியும் சொல்லவேண்டும். மாப்பிள்ளையின் எண் சுவரில் இருக்கும். கிளையின் சுவரிலும் ஏறும்.

பல வருஷத்துக்கு முன் பழைய மாவை விட்டு இந்த மாவுக்கு மாறியவர் கரண்டியாரேதான். பத்து மூட்டை எடுத்தால் ஒரு குடை இலவசம் என்று சொன்னார்கள்.