ட்ரையம்ஃபுக்கு ஓர் உதாரணம்

…மகத்தான வெற்றி என்று பொருள் எழுதியாகிவிட்டது, அதற்கென்ன, மூன்று நிமிட வேலை, உதாரண வாக்கியம்தான் மதியத்திலிருந்து நகரமாட்டேன் என்கிறது, ட்ரையம்ஃப் என்ற ஒரு சொல்லுக்கு ஏன் இத்தனை பிகு, நேற்று இதே நாற்காலியில் நாற்பது சொற்களை ஊதித் தள்ளியவள்தானே, நாலு மணிக்கு அகராதியின் இந்தப் பக்கம் அச்சுக்குப் போகவேண்டும்… ஜன்னல் திரை உப்பி உப்பி அடங்குகிறது, அறையே தூங்குவதுபோல, கண் சொக்குகிறது… சின்ன வெற்றிக்கெல்லாம் இதைச் சொல்லக்கூடாது, சீட்டாட்டத்தில் ஜெயித்தவனுக்கு இது தொளதொளத்த சட்டை, நீண்ட போராட்டம் வேண்டும், ஜெயித்தவருக்கு உள்ளுக்குள் ஒரு களிப்பு வேண்டும், எதிரே ஒருவர் தோற்றிருக்க வேண்டும், எதிரே ஒருவர்… மேசையில் போன் கவிழ்ந்து கிடக்கிறது. அதற்குள் தங்கை இருக்கிறாள். "கடைய மூடிட்டேன்க்கா. நீ சொன்னதுதான் நடந்துச்சு." மூன்று வருஷம் பேசாதவளிடமிருந்து காலை ஏழு மணிக்கு வந்த செய்தி. இன்னும் பதில் போகவில்லை.

நல்ல வேலையை உதறிவிட்டுக் கேக் கடை வைக்கிறேன் என்று அவள் வந்து நின்றபோது, "ஆறு மாசம் தாங்காதுடி, எழுதி வச்சுக்கோ" என்றது யார், அம்மா முன்னால், அப்பா முன்னால்… தங்கை எழுதி வைத்துக்கொள்ளவில்லை, எழுந்து போனாள். ஆறு மாதம் என்ன, மூன்று வருஷம் தாங்கியிருக்கிறது, ஒண்டியாக… பஸ்ஸில் போகும்போது பார்த்ததுண்டு, கண்ணாடிக்குள் மஞ்சள் வெளிச்சம், குனிந்து ஏதோ பெட்டிக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள், இறங்கியிருக்கலாம், நிறுத்தம் கடை வாசலிலேயே, கௌரவம் விட்டால்தானே… இப்போது என்ன எழுதுவது? வருத்தமாக இருக்கிறது என்றா, வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியதாக ஆகாதா? வீட்டுக்கு வா என்றா, வா என்று சொல்ல மூன்று வருஷமா என்று கேட்டால்?

எழுதிய வாக்கியத்தைப் பக்கத்து மேசைக்கு உரக்க வாசிக்கவேண்டும், கேட்பவர் எதிர்க்கேள்வி போட்டால் வாக்கியம் தேறவில்லை, இது இந்த அலுவலகத்துச் சட்டம். ஒருவழியாக எழுதி வாசித்தாள்: "பல ஆண்டுகளுக்குப் பின் தன் சொல் பலித்ததை அவள் மகத்தான வெற்றியாகக் கொண்டாடினாள்." பிழைதிருத்துகிறவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு. தோத்தவ என்னம்மா ஆனா?"

"இதுல யாருமே தோக்கலையே சார்."

"யாரும் தோக்காமயா இவ கொண்டாடுறா?" என்றுவிட்டு அவர் தன் தாளுக்குத் திரும்பிவிட்டார், அடுத்த வாக்கியம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பதுபோல.

போனை எடுத்துக்கொண்டு நடைபாதைக்கு வந்தாள், பதில் எழுதத்தான், ஆனால் விரல் கூப்பிட்டுவிட்டது, முதல் மணியிலேயே எடுத்தும்விட்டாள் தங்கை… போனில் அவளுக்குப் பின்னால் கடை நாற்காலிகளைத் தரையில் இழுக்கிற சத்தம், யாரோ "மெதுவா, மெதுவா" என்கிறார்கள்…

"சிரிக்கிறியாக்கா?"

குத்தலில்லை, அழுகையில்லை, அங்கே மழை பெய்யுதா என்று கேட்கிற மாதிரி கேட்டாள். "சீ, இல்லடி" என்று பதறிக்கொண்டு வந்தது பதில், பொய்யில்லையே, இப்போது சிரிப்பாவது ஒன்றாவது… ஆனால் காலையில், பல் துலக்கும்போது, செய்தியைப் படித்த அந்த முதல் நொடியில், கண்ணாடிக்குள் வாய் நிறைய நுரையோடு ஒருத்தி சிரித்தாளே, எவ்வளவு சந்தோஷமாகச் சிரித்தாள், அவளைப் பற்றித் தங்கையிடம் சொல்வதா, வேண்டாமா…