தண்ணீர் ஊற்றியது யார்

இருபத்திரண்டாம் நாள் காலையில் சுண்டு ஒரு முட்டையை எடுத்துக் காதோரம் வைத்துக் கேட்டாள். உள்ளே சத்தமில்லை. அடுத்ததை எடுத்தாள். பதினான்கையும் கேட்டு முடித்தபோது வாசலில் அண்ணி ஓட்டும் பள்ளிக்கூட வேன் வந்து நின்றது. நாற்பத்திரண்டு வயதுக்காரியைச் சுண்டு என்று கூப்பிட்டால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் அது அண்ணன் வைத்த பேர். அண்ணன் போய் ஐந்து மாதமாகிறது, பேர் மட்டும் அவளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பொரிக்கும் பெட்டியும் அண்ணன் செய்ததுதான். தெர்மாகோல் பெட்டி, மூடியில் சதுரமாக ஒரு கண்ணாடி, உள்ளே பல்பு, சூடு ஏறினால் பல்பைத் தானாக அணைக்க ஒரு கருவி, மூலையில் தண்ணீர்க் கிண்ணம். கொல்லைக் கோழிகளின் முட்டையை அதில் வைத்துப் பதினான்குக்குப் பன்னிரண்டு குஞ்சு எடுத்த கைராசிக்காரர். அவர் போன செய்தி கேட்டு, விடுதி அறையில் இருந்த துணிகளை ஒரே அட்டைப்பெட்டியில் திணித்துக்கொண்டு வந்தவள் சுண்டு. பத்து நாளில் கிளம்புவதாகத்தான் பேச்சு. பத்தாம் நாள் அண்ணி, "ஒரு ஈடு முட்டை பொரிக்கிற வரைக்கும் இரேன். எனக்கும் கூடமாட ஒத்தாசையா இருக்கும்" என்றாள். சுண்டுவுக்கு அது போதுமாக இருந்தது. தையல் மெஷின் பின்னாலேயே வந்து முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டது. அட்டைப்பெட்டியை மட்டும் அவள் பிரித்து அடுக்கவில்லை. விருந்தாளி போய் அலமாரி கேட்பதா என்று கட்டிலுக்கடியிலேயே விட்டுவிட்டாள்.

முதல் ஈட்டில் இரண்டு குஞ்சுகள் ஓட்டைக் கீறிவிட்டு அப்படியே அடங்கிப்போயின. இந்த ஈட்டில் அதுகூட இல்லை. இத்தனைக்கும் சுண்டு சும்மா இருக்கவில்லை. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை உள்ளே வைத்துப் பார்த்தாள். சூடு சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு முட்டையிலும் அண்ணி பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டிருந்தாள். காலையில் பெருக்கல் மேலே, மாலையில் வட்டம் மேலே. அதில் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

அண்ணி உள்ளே வந்து கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்தாள். "போதும். யாராவது கேட்டா பெட்டியக் குடுத்துரலாம்" என்றாள்.

பெட்டி போனால் சுண்டு இங்கே இருப்பதற்கு என்ன காரணம் மிச்சம்? அந்த விடுதி அறையின் ஒற்றை பிளாஸ்டிக் நாற்காலி கண்முன் வந்து நின்றது. "தீவனக்கடைக்காரர்ட்ட ஒரு தடவ காட்டிட்டு வந்துருவோம் அண்ணி" என்றாள். "அப்புறம் உங்க இஷ்டம்."

தீவனக்கடைக்காரர் தவிட்டு மூட்டைமேல் பழைய பேப்பரை விரித்து முட்டை ஒன்றை உடைத்தார். உள்ளே முழுதாக வளர்ந்த குஞ்சு, உடம்பெல்லாம் ஊறி, கொழகொழவென்று. இன்னொன்றை உடைத்தார்; அதுவும் அப்படித்தான். அகலமான முனையைத் திருப்பிக் காட்டினார்.

"இந்தப் பக்கம் காத்துக்கு இடம் விட்டிருக்கணும். நாளாக ஆக உள்ள இருக்கிற ஈரம் வத்தினாத்தான் அந்த இடம் பெருசாகும். வத்தவே இல்ல. பெட்டிக்குள்ள ஈரம் ஜாஸ்தி. தண்ணி யாரு ஊத்துறது?"

"நான்தான்" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சுண்டு அண்ணியைப் பார்த்தாள். முட்டைக்குப் பென்சில் குறி இருந்தது, தண்ணீருக்கு என்ன குறி இருக்கிறது? அண்ணி வேனை எடுக்குமுன் ஒரு தம்ளர் ஊற்றியிருக்கிறாள். பத்து மணிக்குக் கிண்ணத்தில் கொஞ்சம் குறைந்திருப்பதைப் பார்த்து, நேற்றைய தண்ணீர் வற்றுகிறது என்று சுண்டு ஒரு தம்ளர் ஊற்றியிருக்கிறாள். அண்ணன் காலத்தில் நாளுக்கு ஒரே தம்ளர்தான், சாயங்காலம் கிண்ணம் காய்ந்து கிடக்கும்.

"நல்ல எண்ணத்தோடதான் ரெண்டு பேரும் சேர்ந்து குஞ்சுகள முக்கியிருக்கீங்க" என்றார் கடைக்காரர். "பதினெட்டு நாள் அளவா ஊத்துங்க. கடைசி மூணு நாளைக்கு மட்டும் தாராளமா."

வேனில் குழந்தைகளுக்கான சின்ன இருக்கையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தாள் சுண்டு.

"தைக்கிற அவசரத்துல நீ மறந்துடுறேன்னு நெனச்சேன்" என்றாள் அண்ணி, ரோட்டைப் பார்த்தபடி. "சொன்னா வருத்தப்படுவியேன்னு நானே ஊத்திட்டுப் போயிருவேன்."

"அண்ணன் கிண்ணத்தத் தொட உங்களுக்கு மனசு வரலன்னு நான் நெனச்சேன்."

அண்ணி சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாற, வேனை ஓரமாக நிறுத்தினாள். இந்த ஐந்து மாதத்தில் அவள் அழுது சுண்டு பார்த்தது அதுதான் முதல் தடவை. சுண்டு பின்னாலிருந்து கையை நீட்டி அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டாள், அவளுக்கும் அழுகை வந்தது. பெட்டியைக் கொடுக்கும் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

மூன்றாவது ஈட்டுக்குத் தண்ணீர் அண்ணியின் பொறுப்பு என்று முடிவானது. ஊற்றியதும் பெட்டியின் பக்கவாட்டில் தையல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுவாள். பத்து மணிக்குக் கை பரபரக்கும்போதெல்லாம் சுண்டு அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்த் தைப்பாள். பதினெட்டுக் கோடுகள் சேர்ந்த அன்று டார்ச் அடித்துப் பார்த்தார்கள். அகலமான முனையில் காற்றுக்கு நல்ல இடம் விட்டிருந்தது.

இருபத்தோராம் நாள் மத்தியானம், தைத்த ரவிக்கைகளைக் கொடுத்துவிட்டு வந்த சுண்டு கட்டிலுக்கடியில் பார்த்தாள். அவளுடைய அட்டைப்பெட்டியைக் காணவில்லை. அலமாரிக் கதவு திறந்து கிடந்தது. நடுத்தட்டில் அண்ணனின் சட்டைகள் ஓரமாக ஒதுங்கியிருக்க, அவளுடைய புடவைகள் மடிப்புக் கலையாமல் அடுக்கப்பட்டிருந்தன. கதவைச் சாத்திவிட்டு அண்ணியைத் தேடிப் போனாள்.

அட்டைப்பெட்டி பொரிக்கும் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது, அடியில் பேப்பர் விரித்து, மேலே ஒரு பல்பு கட்டி.

"குஞ்சு விட ஒரு பெட்டி வேணும்ல" என்றாள் அண்ணி, திரும்பாமலே. "சும்மாதானே கிடந்துச்சு. இங்க வா. மூடியத் தொட்டுராத."

சுண்டு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தாள். இரண்டாவது வரிசையில் ஒரு முட்டை லேசாக ஆடியது. பெருக்கல் குறிக்குப் பக்கத்தில் நகக்கீறல் போல ஒரு விரிசல். இரண்டு பேரின் மூச்சும் பட்டுக் கண்ணாடி மங்கிவிட்டது. அண்ணி முந்தானையால் துடைத்தாள். விரிசல் பென்சில் கோட்டைத் தாண்டியிருந்தது.