மூக்கில் ஒரு பட்டன்

பள்ளி பேண்டு வாத்தியப் போட்டியின் சீருடை நடுவருக்கு முதல் பட்டன் இடது முழங்கைக்குக் கீழே முளைத்தது. சட்டையில் அல்ல, தோலில். நீல நிறம், நான்கு துளை, கடையில் டஜன் கணக்கில் கிடைக்கிற சாதாரண ரகம், துளைகளில் சிவப்பு நூல். தோல் டாக்டர் கொடுத்த களிம்பைப் பூசியதில் அதற்குப் பளபளப்புக் கூடியது. மனைவி கத்தரிக்கோலால் நறுக்கினாள்; மறுநாள் காலை அதே இடத்தில், அதே சிவப்பு நூலோடு, இன்னொன்று இருந்தது. ஒவ்வொரு வருடமும் போட்டி முடிந்த கையோடு முதுகிலும் தோளிலும் புதிதாகக் கிளம்பின. "வர்றதுதான் வருது, என் பச்சைச் சட்டைக்கு ரெண்டு குறையுது, அந்தக் கலர்ல வராதா?" என்று கேட்டாள் மனைவி. வரவில்லை. எல்லாம் நீலம். ஐந்தாம் வருடத்துக்குள் அவர் மல்லாந்து படுப்பதையே விட்டுவிட்டார்.

போட்டிக்கு மூன்று நடுவர்கள். இசைக்கு நாற்பது மார்க், நடைக்கு நாற்பது, சீருடைக்கு இருபது. கேட்க ஒழுங்காகத்தான் இருக்கும். இசை நடுவர் எல்லாப் பள்ளிக்கும் முப்பத்துநான்கு போடுவார். எல்லாத் தலைமையாசிரியர்களும் அவருக்கு ஏதோ ஒரு வழியில் சொந்தம். நடை நடுவர் எல்லாப் பள்ளிக்கும் முப்பத்துமூன்று போடுவார். இசை நடுவர் அவருக்கு மச்சான், அவரைவிடத் தாராளம் காட்டினால் வீட்டில் பேச்சு வரும். ஆக, அணிக்குள் புகுந்து வரிசை வரிசையாகப் பட்டன் எண்ணுகிற சீருடை நடுவர்தான் போட்டியே. ஒரு பட்டன் குறைந்தால் அரை மார்க் வெட்டு. யார் நன்றாக வாசித்தார்கள் என்று கேட்டால் அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. யாருக்கு எத்தனை பட்டன் அறுந்தது என்று கேட்டால் பால்காரர்கூடச் சொல்வார்.

இதில் பெரிய டிரம்முக்குத்தான் கேடு. அதை நெஞ்சோடு மாட்டிக்கொண்டு ஓங்கி அடித்தால் விளிம்பு கோட்டில் உரசிப் பட்டனை அறுத்துவிடும். வசதியான பள்ளிகள் இதை எப்போதோ கண்டுபிடித்து, டிரம் பிள்ளைகளைக் கைக்குழந்தையைத் தூங்கவைப்பதுபோலத் தட்டப் பழக்கியிருந்தன. அவர்கள் பட்டன் ஒன்றுகூட அறுந்ததில்லை. சந்தைக்குப் பின்னால் இருந்த பள்ளியில் அந்த சூட்சுமத்தைச் சொல்லித்தர ஆளில்லை. அங்கே அந்த ஐந்து வருடமும் டிரம் அடித்த பெண்ணை எல்லோரும் இடி என்றார்கள். அவள் பயிற்சிக்கு நின்றால் முட்டை விற்கிறவள் கூடையைக் கட்டிப்பிடித்துக்கொள்வாள். இடியின் கோட்டு ஒரு வசதியான பள்ளி கழித்துக் கொடுத்தது, துணி நைந்தது. வீட்டில் நீல நூல் இல்லாததால் சிவப்பு நூலில் பட்டன் தைத்துக்கொண்டாள். அவள் எவ்வளவு நன்றாக அடித்தாளோ பள்ளி அவ்வளவு சுத்தமாகக் கடைசியில் வந்தது.

ஐந்தாம் வருடம் அவளுக்குப் பள்ளியில் கடைசி வருடம். முதல் பரிசுச் சான்றிதழ் இருந்தால் கல்லூரியில் இடம் உறுதி. இல்லாவிட்டால் சோப்பு கம்பெனியில் பேக்கிங் வேலை. அத்தை சூப்பர்வைசரிடம் சொல்லி வைத்தாயிற்று. "மெதுவா தட்டித் தொலையேன்டி, உன் வேகத்த யாரு கேட்டா?" என்றாள் அத்தை. இடியும் மெதுவாகத் தட்டத்தான் நினைத்தாள். பாதி மைதானம்வரை தட்டவும் செய்தாள். அப்புறம் கை கேட்கவில்லை.

பட்டன்கள் பறந்தன. ஒன்று சீருடை நடுவரின் ஷூவில் பட்டு விழுந்தது. அவர் அரை மார்க்கை வெட்டினார். உடம்பில் மறைவான இடமெல்லாம் தீர்ந்திருந்ததால், அந்தப் பட்டன், போட்டி முடியும்வரைகூடக் காத்திராமல், எல்லோரும் பார்க்கக் கழுத்தில் முளைத்தது. சிவப்பு நூலை இடி பார்த்துவிட்டாள்.

"சார், அது என் பட்டன்" என்றாள், கையை நிறுத்தாமல்.

அணியில் பேசினால் அரை மார்க். அதையும் வெட்டினார். மூக்கின் மேல் முளைத்தது.

"வெட்டுங்க சார். இன்னும் எங்க இடமிருக்குன்னு பாத்துட்டு வெட்டுங்க."

நடுவருக்குக் கண் இமையில் அரித்தது. சற்று யோசித்து, பேனாவைத் திருப்பிப் பிடித்து, கழுத்துப் பட்டனுக்கு வெட்டிய அரை மார்க்கைத் திரும்பப் போட்டார். பட்டன் உதிர்ந்து புல்லில் விழுந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து, ஐந்து வருடமாக வெட்டியதை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட ஆரம்பித்தார். நடுவர் எழுதி முடிக்கும்வரை பேண்டு நிறுத்தக் கூடாது என்பது விதி. அதனால் சந்தைப் பள்ளி அவரையே சுற்றிச் சுற்றி வந்து வாசித்தது. அவர் மனைவி கூட்டத்திலிருந்து இறங்கி வந்து கைப்பையைத் திறந்து பிடித்துக்கொண்டாள். சட்டைக்குள்ளிருந்து பட்டன்கள் மழைபோலக் கொட்டின.

பழைய வருடக் கணக்கெல்லாம் மூடியாயிற்று, திறக்க முடியாது என்று போட்டிக் குழுச் செயலாளர் சொன்னதால், அத்தனையும் அந்த வருடத்துத் தாளிலேயே ஏறியது. சந்தைப் பள்ளிக்கு நூற்றுக்கு நூற்றுமுப்பதரை. நூற்றுக்கு மேல் எப்படிப் போடலாம் என்று மற்றப் பள்ளிகள் சண்டைக்கு வந்தன. போடக் கூடாது என்று விதியில் எங்கே இருக்கிறது என்று செயலாளர் கேட்டார். எங்கேயும் இல்லை.

சான்றிதழில் கையெழுத்துப் போடும் முன் சீருடை நடுவர் இடியைத் தனியாகக் கூப்பிட்டார். மூக்கில் அது ஒன்றுதான் மிச்சம். "பேசினதுக்கு வெட்டின அந்த அரையையும் குடுத்துடறேம்மா. முழுசா நூத்திமுப்பத்தொண்ணு ஆயிடும்."

இடி அந்த மூக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வேணாம் சார். பட்டன் அறுந்தது என் தப்பில்ல. பேசினது நான்தான். அது இருக்கட்டும்."

கல்லூரி குமாஸ்தா நூற்றுமுப்பதரையைக் கால்குலேட்டரில் இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு இடம் எழுதிக் கொடுத்தார். சோப்பு கம்பெனி வேலைக்கு அத்தையே போய்ச் சேர்ந்துகொண்டாள். அடுத்த வருடத்திலிருந்து எல்லாப் பள்ளிகளும் டிரம்மை ஓங்கி அடித்தன, முட்டை விலை ஏறியது. சீருடை நடுவர் இப்போதும் போட்டிக்கு வருகிறார். முன்பெல்லாம் குனிந்து பட்டன் எண்ணும்போது மூக்குக் கண்ணாடி நழுவி நழுவி விழும். இப்போது விழுவதில்லை.