நூல்களின் முதுகில் உபயம்

மலேசியாவில் கோலா பிலாவுக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு நூல்கள் இருந்தன. அவற்றை வகைப்படுத்தி, ஒவ்வொன்றின் முதுகிலும் பொருளுக்கேற்ற வகை எண் ஒட்டி முடிக்க ரோகினிக்கு ஐந்து வாரங்கள் ஆயின. பிலிப்பைன்சில் கன்னியர் நடத்தும் ஒரு சிறிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் அவள் நூலகவியல் இறுதியாண்டு மாணவி. வகுப்பில் மொத்தமே ஒன்பது பேர். இந்தச் செய்முறைப் பணியில் தேறினால் பட்டம். தவறினால் உதவித்தொகை நின்றுவிடும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவளுடைய பேராசிரியை சிஸ்டர் கிளாரா கைப்பேசிக் காணொளி வழியே தேர்வு நடத்துவதாக ஏற்பாடு.

ஒன்பதரைக்கு மண்டபத்துக்குள் நுழைந்தவள் அலறினாள். ஓர் எண்ணைக்கூடக் காணோம். முதுகுதோறும் பளபளக்கும் மஞ்சள் ஒட்டுத்தாள்: ‘உபயம்: இன்னார் குடும்பத்தினர்’. போதாக்குறைக்கு, வரிசையைக் கலைத்து, கொடுத்த குடும்பம் வாரியாக அடுக்கியும் வைத்திருந்தார்கள். இதற்குப் பெயர் நிர்வாகமாம்!

கோயில் தலைவர் ஆறுமுகம் பூரித்து நின்றார். "எப்படிம்மா? நீ ஒட்டுன தாளை அளந்து, அதே சைசுல அடிச்சோம். கச்சிதமா மூடிடுச்சு பாரு."

"அங்கிள்! அந்த நம்பரை வெச்சுத்தான் புத்தகத்தைத் தேடணும்!"

"நம்பரைப் பாத்து எவன்மா சந்தோஷப்படுவான்?"

"டியூப் லைட்ல வெளிச்சமே வராத அளவுக்குப் பேரு எழுதுன ஆளாச்சே தலைவரு," என்றாள், மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்த மயிலம்மாள்.

ரோகினி ஒரு தாளை உரித்தாள். எண்ணும் சேர்ந்து கிழிந்து வந்தது.

மணி பத்து. சிஸ்டர் ஆங்கிலத்தில் கேட்டார்: "ரப்பர் மர நோய்களைப் பற்றிய நூல். இரண்டு நிமிடம்."

ரோகினி மஞ்சள் முதுகுகளில் கண்ணை ஓட்டினாள்.

"என்னாம்மா கேக்குறாங்க? ரப்பர் மரமா? அது தோட்டத்துக் கணக்கு எழுதுற கிராணி தம்பிராஜா வீட்டுது லா," என்று மயிலம்மாள் உருவி நீட்டினாள்.

அடுத்தது குழந்தை வளர்ப்பு என்று ரோகினி தமிழில் சொன்னாள்.

"விமலா கொடுத்தது. மூணாவது பிள்ளைக்கு அப்புறம் இனிமே வேணாம்னுட்டா."

ஐந்து நூல்கள் கேட்கப்பட்டன. ஐந்தும் நொடியில் வந்தன.

"அருமை. எல்லாம் உன் எண்களின் பயன்தானே?" என்றார் சிஸ்டர்.

"ஆமான்னு சொல்லு லா!" என்று ஆறுமுகம் பின்னாலிருந்து கிசுகிசுத்தார்.

ரோகினி கைப்பேசியை மயிலம்மாள் பக்கம் திருப்பினாள். "இல்லை, சிஸ்டர். எண்கள் மறைந்துவிட்டன. இவர்தான், நூல் கொடுத்தவர்களின் பெயரைக் கொண்டு எடுத்தார்."

"ஐந்து வாரத்தில், எப்படித் தேடுவீர்கள் என்று இவரிடம் ஒருமுறையாவது கேட்டாயா?"

"இல்லை."

"பத்து நாள் தருகிறேன். எண்களும் வேண்டும்; கொடுத்தவர் பெயர்ப்பட்டியலும் வேண்டும். பிறகு பார்ப்போம்."

காணொளி அணைந்தது. "பேரை எடுத்துத்தான் ஆகணுமா?" என்றார் ஆறுமுகம்.

"எடுக்கலேன்னா நான் ஃபெயில், அங்கிள்."

தம் குடும்பத்தின் தொண்ணூற்று நான்கு நூல்களை அவர் ஏக்கத்தோடு பார்த்தார். பிறகு மண்ணெண்ணெயும் கந்தல் துணியும் கொண்டுவந்து, முதலில் தம் பெயரையே துடைக்க உட்கார்ந்தார்.

பத்தாம் நாள் எண் மேலேயும் பெயர் கீழேயும் இருந்தன. காணொளியில் சிஸ்டர் ஆறுமுகத்தைத்தான் அழைத்தார்: "வகை எண் அறுநூற்று நாற்பத்தொன்று. யாரும் உதவக்கூடாது."

அவர் விரலால் முதுகுகளைத் தடவி, எண்களை வாய்க்குள் முணுமுணுத்தபடி நகர்ந்தார். ஒன்றே முக்கால் நிமிடத்தில் அந்த எண்ணிட்ட ஒரு சமையல் நூலைத் தூக்கிக் காட்டினார்.

"தேர்ச்சி," என்றார் சிஸ்டர்.

ஆறுமுகம் வேர்வையைத் துடைத்துக்கொண்டு ரோகினியிடம் கேட்டார்: "யாரு பாஸு? நானா, நீயா?"