முட்டிக்குச் சூடு

அப்பா டேபிள் ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் படுப்பார். காற்று அவருக்கு ஆகாது, சளி பிடிக்கும். வேண்டியதெல்லாம் அதன் உறுமலும் மோட்டார் கக்குகிற சூடும்தான். கட்டிலை ஒட்டி ஸ்டூல் போட்டு, ஃபேனை அதில் ஏற்றி, இடது முட்டியை அதன் முதுகில் சாய்த்துக்கொள்வார். சூடு வெளியே போய்விடக் கூடாதென்று மேலே ஒரு துண்டு வேறு. மோட்டார் மூச்சு விட வைத்திருக்கிற ஓட்டைகளையெல்லாம் துண்டு அடைத்துவிடும். ஃபேனுக்குப் போர்த்திவிட்டுத் தூங்குகிற ஒரே மனிதர் உலகத்தில் என்னைப் பெற்றவராகத்தான் இருப்பார்.

பஸ் டிரைவராக இருந்தவர். இன்ஜின் உள்ளேயே இருக்கிற பழைய வண்டிகளில் ஆயுசைக் கழித்தார். இன்ஜின் மூடிக்குப் பக்கத்தில் இடது கால் வெந்துகொண்டே இருக்கும். அதைத் திட்டித் திட்டியே ஓட்டினார். ஓய்வு பெற்ற பிறகு அதே சூடு இல்லாமல் முட்டி வலிக்கிறதாம். என்னத்தைச் சொல்ல.

ரிப்பேர் கடைக்காரர் ஃபேனைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினார். "இது ஃபேன் இல்லம்மா, இஸ்திரிப் பெட்டி. உள்ள இறுகிப்போயி மோட்டார் சுத்த முடியாம திணறுது. துணி கிணி மேல கெடந்தா பத்திக்கும்."

அப்பாவிடம் அப்படியே சொன்னேன். "புது ஃபேன் விக்கிறவன் வேற என்ன சொல்வான்?" என்றார். அதையும்தான் வாங்கிக் கொடுத்தேன். சத்தமே வரவில்லையென்று அதில் சட்டையைத் தொங்கவிட்டார். வெந்நீர்ப் பை வாங்கினேன், அது ஆணியில் தொங்குகிறது. பழைய ஃபேனைப் பரணில் ஒளித்து வைத்தேன். தெருமுனைக் கடைக்குப் போக வலிக்கிற முட்டி, பரணில் ஏறி இறங்கியிருக்கிறது. "வயசானவரு, விடேன்" என்றார் என் கணவர். சொல்வது சுலபம். நேற்று கத்திரிக்கோலை எடுத்து ஃபேனின் ப்ளக்கை வெட்டி எறிந்துவிட்டேன். தொல்லை விட்டதென்று இன்று நிம்மதியாக வேலைக்குப் போனேன்.

எங்கள் தையல் கம்பெனியில் ஃபோனை வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிடுவார்கள். சாப்பாட்டு நேரத்தில்தான் கையில் கிடைக்கும். கூப்பிட்டேன், அப்பா எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். டிபன் பாக்ஸை மூடினேன். சூப்பர்வைசர் முகத்தைச் சுளித்தபடி அனுமதி கொடுக்க, பஸ் பிடித்து ஓடிவந்தேன்.

கதவைத் திறந்ததுமே கருகல் நாற்றம். ப்ளக் இல்லாத ஒயரை பிளேடால் சீவி, இரண்டு கம்பிகளையும் சுவரில் இருந்த ப்ளக் பாயிண்டின் ஓட்டைகளுக்குள் விட்டு, தீக்குச்சிகளால் இறுக்கி வைத்திருந்தார். இறக்கை சுற்றவில்லை, மோட்டார் மட்டும் உறுமியது. துண்டு நடுவில் பழுப்பாகி, மெல்லப் புகைந்தது. அப்பா வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். சுவிட்சை அணைத்தேன். ப்ளக்கை வெட்டிய என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சத்தம் நின்றதும் கண் விழித்தார். "ஏம்மா நிறுத்துன?"

"எரிஞ்சு போயிருப்பீங்கப்பா! நான் அங்க உக்காந்து காலர் தெச்சுக்கிட்டு இருந்திருப்பேன். எனக்குத் தெரிஞ்சே இருக்காது. எத்தன தடவ சொல்றது? ஒரு மனுஷி எவ்வளவுதான் கத்துறது?"

அவர் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முட்டி சும்மா ஒரு சாக்கும்மா" என்றார். "இந்தச் சத்தம் இருந்தா பின்னாடி சீட்டு பூரா ஆளு இருக்கற மாதிரி தோணும். இல்லன்னா, காலைல நீ கதவச் சாத்திட்டுப் போனதுலேர்ந்து நான் மட்டும்தான்."

அழுகை வரவில்லை, இன்னும் கோபம்தான் வந்தது. இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? சொல்லியிருந்தால் மட்டும் நான் என்ன செய்திருப்பேன்? நாளைக்கும் வேலைக்குப் போயாக வேண்டும். துண்டோடு சேர்த்து ஃபேனைத் தூக்கினேன். சூடு துணியைத் தாண்டி உள்ளங்கையைச் சுட்டது. கீழே வைத்தால் மறுபடி எடுத்துக்கொள்வார், குப்பையில் போடவும் கால் நகரவில்லை.

"இன்னிக்கு இனிமே வேலைக்குப் போகலல்ல?" என்று கேட்டபடி, கட்டிலில் எனக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார் அப்பா.