அவர் ஏத்தி வெச்ச மூட்டை

என் வீட்டு மூலையில ஒரு அரிசி மூட்டை இருந்துச்சு. இருபத்தஞ்சு கிலோ சோனா மசூரி, வாய் தைச்சது தைச்சபடி. பிப்ரவரியில என் வீட்டுக்காரர் மண்டி மொஹல்லா கடையில வாங்கி, தன் ஆட்டோவிலேயே போட்டுட்டு வந்து, எங்க குறுகலான மாடிப்படியில தோள்ல தூக்கி ஏத்தினாரு. தையல் மெஷின் பக்கத்துல இறக்கி வெச்சுட்டு, "இனி ரெண்டு மாசத்துக்கு அரிசி இல்லைன்னு என் முன்னாடி வந்து நிக்காதே"ன்னாரு. நான் எப்ப வந்து நின்னேன்னு அதுக்கு ஒரு சண்டை போட்டேன். அந்த வாரமே ஆட்டோ ஸ்டாண்டுல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவர், எழுந்திரிக்கல. மகேந்திரன்னு பேரு. அடக்கம் பண்ணிட்டு வந்து பார்த்தா, மூட்டை அங்கேயே நிக்குது.

அதை நான் தொடல. யாரையும் தொடவும் விடல. அவர் கை கடைசியா தூக்கினது அதுதான். அதைப் பிரிச்சுத் தின்னுட்டா அப்புறம் என்ன இருக்கு?

அழுகையும் வரல. துக்கத்துக்கு வந்த சொந்தக்காரங்கல்லாம் என் முகத்தையே பார்த்துட்டுப் போனாங்க. இவ என்ன கல்லான்னு அவங்க நினைச்சிருப்பாங்க, நினைக்கட்டும். எனக்கு உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்துச்சு. காலையில எழுந்திரிப்பேன், நர்சரி ஸ்கூலுக்குப் போவேன், அங்கே ஆயா வேலை, பிள்ளைங்க மூக்கைத் தொடைப்பேன், திரும்பி வருவேன். கீழே வீட்டு ஓனர் சித்தம்மா தினமும் கன்னடத்துல "ஊட்டா ஆயித்தா?"ன்னு கேப்பாங்க. சாப்பிட்டேனோ இல்லையோ, "ஆயித்து"ன்னுட்டு மேலே ஏறிடுவேன். வாயில போட்டது புளிப்பா, உப்பான்னு கூடத் தெரியாது.

ஒரே ஒரு வேலை மட்டும் விடாம பண்ணினேன். சபை அரிசி.

எங்க தமிழ்ச் சபையில பொம்பளைங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது, அளந்து எடுத்த அரிசியிலேருந்து ஒரு கைப்பிடி எடுத்து ஒரு டப்பாவில போடணும். மிஞ்சினதை இல்ல, நம்ம பானைக்குப் போக வேண்டியதுலேருந்து எடுக்கணும். அதுதான் கைப்பிடி அரிசி. மாசத்து முதல் ஞாயித்துக்கிழமை எல்லா வீட்டு டப்பாவும் கோயிலுக்கு வரும். எல்லாத்தையும் ஒரே டிரம்முல கொட்டி, கஷ்டப்படற ஒரு குடும்பத்துக்குக் குடுப்போம். அந்த டிரம்முக்குப் பொறுப்பு பல வருஷமா நான்தான். பாஸ்டர் என்னை "நம்ம சபையோட உக்கிராணக்காரி"ன்னு சொல்லுவாரு. ஆண்டவரோட பண்டகசாலைக்குக் கணக்கு ஒப்புவிக்கிறவன்னு அர்த்தம். எனக்கு அதுல கொஞ்சம் பெருமை உண்டு. அவர் போனப்புறம் ஞாயித்துக்கிழமை நான் புடவை மாத்தினதே அந்த டிரம்முக்காகத்தான்.

ரெண்டு வருஷமா அரிசி மாரக்காளுக்குத்தான் போயிட்டிருந்துச்சு. எல்லையோர ஹனூர் பக்கத்துலேருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பம். அவங்க வீட்டுக்காரர் தொட்டையன் சாரத்துலேருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமப் படுத்திருக்காரு. ரிங் ரோட்டைத் தாண்டி ஒரு ஷீட் கொட்டகை. அவங்க நம்ம சபை இல்ல, மாரியம்மன் கும்பிடறவங்க. அதுக்கென்ன, பசிக்கு ஞானஸ்நானம் கேப்பாங்களான்னு கமிட்டியில சண்டை போட்டு நான்தான் சேர்த்தேன். பையை வாங்கும்போது மாரக்கா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ரெண்டு கையாலயும் வாங்கிக்குவாங்க. ஒரே ஒரு தடவை மட்டும், "இந்த அரிசியை நீங்க எப்படிங்க அம்மிணி பொங்குவீங்க?"ன்னு கேட்டாங்க. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. "எல்லாரும் பொங்கற மாதிரிதான்"னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ஜூலை மாசம் அரிசி கொட்டற அன்னிக்கு லீலாக்கா என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க. மாதர் சங்கத் தலைவி, பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவங்க. "நிர்மலா, இந்த மாசம் அரிசி உன் வீட்டுக்குப் போகட்டும்னு பேசியிருக்கோம்"னாங்க.

"எனக்கு எதுக்கு?"

"ஒத்தைச் சம்பளம். நீயா கேக்க மாட்டே. அந்த மாரக்காளுக்கு அடுத்த மாசம் குடுத்துக்கலாம்."

வேற சமயமா இருந்தா அந்த இடத்துலேயே ரெண்டுல ஒண்ணு பார்த்திருப்பேன். என் வாய் சும்மா இருக்காதுன்னு சபைக்கே தெரியும். அன்னிக்கு எனக்குச் சண்டை போடவும் தெம்பில்ல. சரின்னு சொல்லி, பையைத் தூக்கிட்டு வந்துட்டேன். மாரக்கா பட்டினி கிடப்பாங்களேன்னு ஒரு நினைப்பு வந்துச்சு. வந்து அப்படியே போயிடுச்சு.

மறுநாள் அதைத்தான் உலையில போட்டேன். பாதி அரிசி கொழகொழன்னு கஞ்சியாயிருச்சு, மீதி நறுக்குநறுக்குன்னு பல்லுல நிக்குது. நாப்பது வீட்டு அரிசி, ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு, ஒண்ணு புழுங்கல், எப்படி ஒண்ணா வேகும்? சரி, அதைக்கூட விடலாம். அதுல ஒரு வாடை. சாக்கும் மக்கின தூசியும் சேர்ந்த மாதிரி தொண்டையை அடைச்சுது. இத்தனை மாசமா எதைத் தின்னாலும் ருசி தெரியாத நாக்குக்கு அந்த வாடை தெரிஞ்சுச்சு. ரெண்டாவது வாயை என்னால முழுங்க முடியல.

பையை முறத்துல கொட்டிப் பார்த்தேன். முக்கால்வாசி ரேஷன் அரிசி. குறுணை, கருப்பு அரிசி, பூச்சி இறக்கை, ஒரு சின்ன ஆணி. ஆக, ஒருத்தியும் தன் பானையிலேருந்து எடுக்கல. வீட்டுக்கு சோனா மசூரி, கர்த்தருக்கு ரேஷன் அரிசி. அடிப்பாவிங்களா, இதுக்கு ஒரு ஜெபம் வேற பண்ணிக் கொட்டறீங்களேன்னு வாய்விட்டே திட்டினேன். அவர் போனப்புறம் எனக்குக் கோபம்னு ஒண்ணு வந்தது அன்னிக்குத்தான்.

அடுத்த முதல் ஞாயிறு, ஆகஸ்ட்டுல, டிரம்முக்குப் பக்கத்துல முறத்தோட உக்காந்துட்டேன். ஒவ்வொரு டப்பாவையும் முறத்துல கொட்டினேன். பொம்பளைங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. லீலாக்கா டப்பாவும் வந்துச்சு.

"லீலாக்கா, இன்னிக்கு உங்க வீட்டுல என்ன அரிசி உலை வெச்சீங்க?"

"ஏன், எப்பவும் போல சோனா மசூரி."

"அப்ப இது என்ன?"

அவங்க முறத்தைப் பார்த்தாங்க. முகம் செவந்துபோச்சு. "கார்டுக்குக் குடுக்கறாங்க, வீணாத்தானே போகுது. அதைப் போடறதுல என்ன தப்பு? ஏழைங்க சாப்பிடறதுதானே?"

"போன மாசம் நான் சாப்பிட்டேன் அக்கா. முழுங்க முடியல. பானையிலேருந்து எடுக்கணும்னுதானே வழக்கம்? வீணாப் போறதைக் குடுக்கறதுக்கு எதுக்கு ஒரு டப்பா, எதுக்கு ஒரு பாட்டு?"

லீலாக்கா குரலை உயர்த்தாமத்தான் கேட்டாங்க. "உன் டப்பாவையும் கொட்டு நிர்மலா."

கொட்டினேன். ரேஷன் அரிசிதான்.

"நான் இதைத்தான் பொறுக்கிப் பொடைச்சுப் பொங்கித் தின்னறேன்"னேன். "என் பானையில இருந்துதான் எடுத்தேன்." அது உண்மை. மூட்டையைத் தொடக்கூடாதுன்னு மாசக்கணக்கா ரேஷன் அரிசியைத்தான் பொங்கிட்டிருந்தேன்.

"உன் வீட்டுல தையல் மெஷின் பக்கத்துல ஒரு முழு மூட்டை நிக்குது. முப்பதாம் நாள் ஜெபத்துக்கு வந்தப்ப பார்த்தேன், அப்புறம் வந்தப்பவும் பார்த்தேன். பிரிக்கவே இல்ல. அதை யாருக்கு வெச்சிருக்கே?" அவங்க முறத்தை என் பக்கமாத் தள்ளினாங்க. "இன்னொண்ணும் கேக்கறேன். இத்தனை வருஷமா நீதானே டிரம்முல கொட்டறே. மாரக்காளுக்குப் போனப்ப ஒரு நாளாவது முறத்துல போட்டுப் பார்த்தியா? உன் வாய்க்கு வந்தப்புறம்தானே தெரியுது."

முறத்துல இருந்ததை டிரம்முல கொட்டிப் பூட்டிட்டு, சாவியை ஆணியில மாட்டிட்டு, ஆராதனைக்கு நிக்காம வீட்டுக்கு வந்துட்டேன்.

மூட்டை எதிரே தரையில உக்காந்தேன். லீலாக்கா மேல கோபம், அவர் மேல கோபம், இப்படி ஒண்ணை வெச்சுட்டுப் போயிட்டாரேன்னு. குடுக்கணும்னு தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் கை வரல. இதைக் குடுத்துட்டா இந்த வீட்டுல அவர் ஏத்தி வெச்சதுன்னு ஒண்ணும் இருக்காது. ஆனா போன மாசம் மாரக்கா வீட்டுப் பங்கைத் தின்னவ நான். தின்னக்கூட இல்ல, குப்பையில கொட்டினவ. மேலே ஆண்டவர் முன்னாடி போய் நின்னா என்கிட்ட இதைத்தான் கேப்பாரு, லீலாக்கா டப்பாவைக் கேக்க மாட்டாரு.

மறுநாள் ஸ்கூலுக்கு லீவு சொல்லிட்டு, அவரோட ஸ்டாண்டு சிநேகிதர் மஞ்சுநாத்தை வரச்சொன்னேன். வந்தாரு. "எல்லிகே அக்கா?"ன்னு கேட்டாரு. எங்கேன்னு சொன்னேன். மஞ்சுநாத் மூட்டையைத் தோள்ல போட்டு இறக்கும்போது நான் சுவத்தைப் பார்த்துக்கிட்டு நின்னேன். ஆட்டோவில வெச்சுட்டு, தோள்ல ஒட்டின வெள்ளை மாவைத் தட்டிவிட்டாரு. வழியெல்லாம் நான் மூட்டை மேல கை வெச்சுக்கிட்டே போனேன்.

மாரக்கா கொட்டகை வாசல்ல பாத்திரம் கழுவிட்டிருந்தாங்க. "வாங்க அம்மிணி, போன மாசம் காணமுங்களே, மேலுக்குச் சுகமில்லையோன்னு நெனச்சனுங்க"ன்னாங்க. அரிசி என்னாச்சுன்னு கேக்கல. உள்ளே கயித்துக் கட்டில்ல தொட்டையன் சுவர் பக்கமாத் திரும்பிப் படுத்திருந்தாரு.

"மாரக்கா, இது டிரம்மு அரிசி இல்ல. எங்க வீட்டு அரிசி. அவர் வாங்கினது. நல்ல சோனா மசூரி"ன்னேன். என் குரல்ல பெருமை இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. இத்தனை மாசமா வெச்சிருந்ததைக் குடுக்கறேன் பாருன்னு ஒரு பெருமை. மஞ்சுநாத் இறக்கி வெச்சுட்டு, வேற சவாரி இருக்குன்னு போயிட்டாரு. நானே அவங்க அரிவாமணையில தையல் நூலை அறுத்து வாயைப் பிரிச்சேன்.

மேலெல்லாம் கருப்பா அசைஞ்சுது. வண்டு. கையை உள்ளே விட்டேன், சூடா இருந்துச்சு. அரிசி கட்டிக்கட்டியா, நூலாம்படையில ஒட்டிக்கிட்டு வந்துச்சு. நசுக்கினா மாவு. பிப்ரவரியில வாங்கினது, மழைக்காலம் முழுக்க அந்த ஈரச் சுவத்து ஓரத்துல நின்னது, வேற எப்படி இருக்கும்? நான் அதைக் காப்பாத்தறேன்னு நினைச்சு உக்காந்திருந்தேன். அது எனக்கு எதிர்லேயே உள்ளுக்குள்ள வீணாப் போயிட்டிருந்துச்சு.

"இது வேண்டாம் மாரக்கா. நான் எடுத்துட்டுப் போறேன். வேற வாங்கிட்டு வர்றேன்"னு மூட்டை வாயைச் சுருட்டினேன்.

மாரக்கா என் கையை விலக்கிட்டு, ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில பரப்பிப் பார்த்தாங்க. முகத்துல ஒரு மாத்தமும் இல்ல. "எதுக்குங்க எடுத்துட்டுப் போறீங்க? வெயில்ல காயப்போட்டா வண்டு ஓடிப்போயிருமுங்க. பொடைச்சு, நாலு தண்ணி கழுவினாச் சோறாயிருமுங்க"ன்னாங்க.

"இல்ல மாரக்கா, இதைப் போய் எப்படி..."

"எப்பவும் இப்படித்தானுங்களே அம்மிணி வரும்? எங்களுக்குப் பழக்கந்தானுங்க."

அவங்க குத்தமாச் சொல்லல. என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னாங்க. நான் சங்கடப்படக்கூடாதுன்னு, "வண்டு போனா மிச்சம் நல்ல அரிசிதானுங்க"ன்னு இன்னொரு வார்த்தையும் சேர்த்துக்கிட்டு, சாக்கை இழுத்து விரிக்கப் போனாங்க.

அப்படியே அந்த வாசல்ல உக்காந்துட்டேன். அவரைப் பெட்டியில வெச்சு மூடினப்ப வராதது, குழியில மண்ணு போட்டப்ப வராதது, அங்கே வந்துச்சு. சத்தம் போட்டு அழுதேன். அவருக்காக அழுதேனா, அந்த அரிசிக்காகவா, ரெண்டு வருஷமா இந்த வீட்டுக்கு நான் சுமந்துட்டு வந்ததுக்காகவான்னு பிரிச்சுச் சொல்லத் தெரியல. மாரக்கா ஈரக்கையோட என் தோளைப் பிடிச்சுக்கிட்டாங்க.

உள்ளேருந்து தொட்டையன் குரல் வந்துச்சு. "யாரு புள்ள அது அழுவறது?"

"நம்முளுக்கு அரிசி குடுக்கற அம்மிணிங்க"ன்னு மாரக்கா சொன்னாங்க.