எல்லைக்கல்லைத் தாண்டிய திராட்சை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது முடிதிருத்தும் கடையில். பாதி முடி வெட்டியபோது கடைக்காரர் சொல்லிவந்த கதையும் பாதியில் நின்றது. கதாநாயகர் எத்மோனே கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார். மீதியை நான்தான் எழுதியாக வேண்டும்.

2

"பர்கண்டியின் பொன்னிறச் சரிவுகளில் காலை ஒளி—"

[அடித்துவிட்டேன். ஒயின் பாட்டில் லேபிளில் இதைவிட நன்றாகப் புளுகியிருப்பார்கள்.]

மறுபடி: பிரான்சின் பர்கண்டியில் ஒரே சரிவு, மேலிருந்து கீழாக ஓடும் ஒரே திராட்சைக்கொடி வரிசைகள், நடுவில் ஓர் எல்லைக்கல். கல்லுக்கு மேலே எத்மோனின் நிலம். அந்த நிலத்தின் பெயர் லேபிளில் இருந்தால் பத்து மடங்கு விலை. கீழே சோலாஞ்ச் என்ற பெண்ணின் நிலம். லேபிளில் வெறும் ஊர்ப்பெயர். "அது ஒயினா? பாத்திரம் கழுவுன தண்ணி" என்று எத்மோன் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்.

3

அறுவடையன்று எத்மோன் நிலவறையில் வியாபாரிகளுக்குத் தன் மண்ணின் மகிமையை விளக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவருடைய ஆட்கள் மேலிருந்து பறித்துக்கொண்டே இறங்கி, இலைக்குள் மறைந்திருந்த கல்லைத் தாண்டி, சோலாஞ்சின் கொடிகளையும் மொட்டையடித்துவிட்டார்கள். எல்லாம் எத்மோனின் ஒரே தொட்டிக்குள். சட்டப்படி இனி அந்தத் தொட்டி முழுவதையும் ஊர்ப்பெயரில்தான் விற்கலாம். சோலாஞ்ச் வெளியே சொல்லாமலிருந்தால் எத்மோன் தப்பிக்கலாம்.

[சோலாஞ்சை முதலில் பெருந்தன்மையானவராக எழுதினேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.]

"என்ன சோலாஞ்ச், ரெண்டும் ஒரே மண்ணுதானே? குடிக்கிறவனுக்கு என்ன தெரியப்போகுது?"

"அடடா! இதையே அறுவடை விருந்துல, ஊர் முன்னால எழுந்து சொல்லிடுங்க முசியே. நான் வாயே திறக்கமாட்டேன்."

"சொன்னா அப்புறம் எவன் எனக்குப் பத்து மடங்கு குடுப்பான்?"

"அது உங்க பாடு. பாத்திரம் கழுவுன தண்ணி உங்க தொட்டியிலதானே கெடக்கு?"

4

முடிவு ஒன்று: எத்மோன் மறுக்கிறார். தொட்டி போகிறது, பெருமை மிஞ்சுகிறது. [பெருமையை பாட்டிலில் அடைத்து விற்கவா முடியும்... இல்லை, இங்கே அதைத்தான் அடைக்கிறார்கள்.]

முடிவு இரண்டு: சொல்லிவிடுகிறார். கல்லுக்கு மேலே நிலம் வைத்திருக்கும் எல்லோரும் ரொட்டியால் அவரை அடிக்கிறார்கள்.

இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

5

விருந்து. எத்மோன் எழுகிறார். சோலாஞ்ச் தன் ஒயினை அவர் கோப்பையில் ஊற்றுகிறார். எத்மோன் வாழ்நாளில் முதல்முறையாக அதில் ஒரு மிடறு விழுங்குகிறார். நன்றாக இருக்கிறது. பாவம், அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"நண்பர்களே, இந்த மண்ணு—"

என்னால் முடிக்க முடியாது. நான் இதே ஊரில்தான் முடிவெட்டிக்கொள்ள வேண்டும். நீங்கள் தொலைவில் இருக்கிறீர்கள், நீங்களே முடித்துவையுங்கள். கொஞ்சம் சீக்கிரம். மேசையில் ஒருவரும் கோப்பையைத் தொடவில்லை, மாட்டிறைச்சிக் குழம்பு ஆறிக்கொண்டிருக்கிறது.